எண்ணெய் மில் மாடியும் என் கையெழுத்தும்

போன மாதம் பழைய சர்வீஸ் காகிதம் ஒன்றைத் தேடிக்கொண்டு நம் கல்கத்தா கார்டன் ரீச் ஆபீசுக்கு வந்திருந்தேன். நல்ல மழை. மாடிப்படி ஏறி மேலே வந்தால், புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேர் ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு மறு கையால் டைப் அடித்துக்கொண்டிருந்தீர்கள். இப்படி ஒரு டைப் வேலையை என் முப்பது வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை. "சார், இந்த நாத்தத்துல எப்படி சார் இத்தனை வருஷம் இருந்தீங்க?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நான் சிரித்தேன், கொடுத்த டீயைக் குடித்தேன், டிராம் பிடித்துப் பெஹாலாவில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். பதில் சொல்லவில்லை.

அந்தப் பதிலை எழுதித் தரும்படி உங்கள் ஹெட் கிளார்க் இப்போது கடிதம் போட்டிருக்கிறார். கப்பல் சரக்குக் காகிதம் எப்படி நிரப்புவது, கிடங்குப் புத்தகம் எப்படி எழுதுவது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். நான் செய்த ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே மாடியில்தான் அதைச் செய்தேன்.

அந்தக் கட்டடம் முதலில் கடுகெண்ணெய் ஆட்டுகிற மில். கீழே வரிசையாகச் செக்குகள்; ஒரே நீராவி இயந்திரம் அத்தனையையும் சுற்றும். மேலே கடுகைக் கொட்டி உலர்த்துவார்கள், ஆட்டிய எண்ணெயை டின்னில் ஊற்றி மூடுவார்கள். பல வருஷம் இந்த வேலை நடந்தது. சிந்தினது, கசிந்தது எல்லாம் மாடியின் மரப் பலகைக்குள் இறங்கிற்று. மில் முதலாளி காலமான பிறகு பிள்ளைகளுக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை. நம் கம்பெனி கட்டடத்தை வாங்கியது. அஸ்ஸாமிலிருந்து ஆற்று ஸ்டீமரில் வரும் தேயிலையை, கப்பலுக்கு அனுப்புகிறவரை வைக்க ஒரு கிடங்கு அப்போது தேவையாயிருந்தது. ஆற்றோரம், தடித்த சுவர், ஒழுகாத கூரை. கம்பெனித் துரைக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. இயந்திரத்தைக் கழற்றினார்கள். கீழ்த்தளத்துச் செங்கலைப் பெயர்த்துப் புதிதாகப் பாவினார்கள். சுவருக்கு மூன்று பூச்சு சுண்ணாம்பு அடித்தார்கள். மாடிப் பலகை மட்டும் கல் மாதிரி உறுதியாக இருந்தது. அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று, சோடா போட்டுத் தேய்த்துக் கழுவி அப்படியே விட்டுவிட்டார்கள்.

கல்கத்தா டிராமுக்கு மின்சாரம் வந்த புதிது அது. எனக்கு இருபத்துநாலு வயது. திருநெல்வேலியிலிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நல்லெண்ணெயிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் கடுகெண்ணெய் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் மதராஸ் மெயிலிலிருந்து நேற்று இறங்கினவர்கள். ஆபீசில் சேர்ந்த முதல் வாரம் பக்கத்து மேஜைக்காரர் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே கடுகெண்ணெயில் பொரித்த மீன். நான் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். ஓடினதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அங்கே போய் வாந்தியும் எடுத்தேன். அன்றையிலிருந்து என் பெயர் 'நாக் பாபு'. வங்காளியில் நாக் என்றால் மூக்கு. அதற்குப் பிறகு யார் டப்பா திறந்தாலும், "நாக் பாபு, உத்தரவு உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார்கள். ஆபீஸ் முழுவதும் சிரிக்கும். கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனால் ஒரு வருஷம் தினமும் ஒரே கேலியைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் நம் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கிடங்கில் தேயிலை ஏற்றுவதற்கு முன்னால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இரண்டு நாள் அடைத்து வைப்பார்கள். மூன்றாம் நாள் திறந்து மூன்று பேர் உள்ளே நடந்து பார்த்து, வாசனை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கட்டடத்துக்குப் பங்குனி மாதத்தில் அது நடந்தது. முதல் ஆள் எங்கள் ஹெட் கிளார்க். அவரைப் பொடோபாபு, அதாவது பெரிய பாபு, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இரண்டாவது, கிடங்குக்காரர். மூன்றாவது ஆளாக, என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காக, என்னைக் கூட்டிப்போனார்கள்.

மாடி ஏறினதும் எனக்கு அடித்தது. லேசாகத்தான். சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் ஒரு வாடை. பொடோபாபு நடு மாடியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். "கிச்சு நேய்," என்றார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். கிடங்குக்காரரும் அதையே சொன்னார். இருவரும் காலையில் உடம்பு முழுக்கக் கடுகெண்ணெய் தேய்த்துக் குளித்து, கடுகெண்ணெயில் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? மீன் தண்ணீர் வாசனையைப் பற்றிப் புகார் சொல்லுமா? பொய் சொல்லவில்லை அவர்கள். அவர்களுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை.

பொடோபாபு என்னைப் பார்த்து, "நாக் பாபு என்ன சொல்றார்?" என்றார். கிடங்குக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன். எனக்கு இந்த ஊரில் எங்கே போனாலும் கடுகெண்ணெய்தான் அடிக்கிறது, டிராமில் அடிக்கிறது, தபால் ஆபீசில் அடிக்கிறது, கோளாறு என் மூக்கில்தான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல, சார்," என்றேன். அழகான கையெழுத்தைப் போட்டேன்.

ஆடி மாதம் வந்தது. அஸ்ஸாமில் ஒரு தோட்டத்தின் அந்த வருஷத்து மிக நல்ல தேயிலை நம் மாடிக்கு வந்து சேர்ந்தது. ஈயத் தகடு உள்ளே வைத்து மூடின மரப்பெட்டிகள். ருசி பார்ப்பதற்காக ஏழு பெட்டிகளை மட்டும் மாடியிலேயே திறந்து வைத்திருந்தார்கள். லண்டன் போகிற கப்பல் கிதிர்ப்பூர் டாக்கில் நின்றது. மறுநாள் மூன்று மணிக்குச் சரக்குப் படகுகள் நம் துறைக்கு வந்து பெட்டிகளை எடுத்துப்போவதாக ஏற்பாடு. நாலு நாளாக விடாத மழை. சாயங்காலம் ஆபீஸ் முடிகிற நேரத்தில் பெட்டி எண்களைச் சரிபார்க்க நான் மாடிக்குப் போனேன். படியிலேயே அது என் முகத்தில் வந்து மோதியது. ஈரக்காற்று பட்டதும் பலகை தான் குடித்ததையெல்லாம் வெளியே விட ஆரம்பித்திருந்தது. திறந்த பெட்டி ஒன்றுக்குள் குனிந்தேன். தேயிலையிலும் அது இருந்தது. பொடோபாபு அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கிதிர்ப்பூரில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தேன். வாசலில் கால் வைத்ததும் என் மனைவி சிவகாமி மூக்கைப் பிடித்தாள். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி.

"என்ன இது, எண்ணெ மில்லுக்குள்ள உருண்டு பொரண்டுட்டு வாரியளா? அந்தக் கோட்ட வெளியில போடுங்க. கொமட்டுது."

"நெசமாவே அடிக்கா? இல்ல என்னைய மாதிரி உனக்கும் எல்லாத்துலயும் அந்த வாசனதான் அடிக்கா?"

"அடுத்த வீட்டுலேருந்து தெனமும் வருது, அது எனக்குப் பழகிட்டு. அது புது எண்ணெ. இது சிக்கு வாடைல்லா? எனக்குத் தெரியாதாக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டிராமிலும் தபால் ஆபீசிலும் அடித்தது ஒன்று, பங்குனியில் மாடியில் அடித்தது வேறு ஒன்று. என் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்டது வரை அத்தனையும் அவளிடம் சொன்னேன். எதற்காகப் போட்டிய என்று கேட்டாள். சிரிப்பார்கள் என்று பயந்தேன் என்றேன்.

"இப்ப மட்டும் சிரிக்க மாட்டாவளா? காலையில போயி அந்தப் பெரியவர்ட்ட உள்ளதச் சொல்லிருங்க. வேல போனா போகட்டும். ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கிடலாம்."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாய் திறக்காவிட்டால் கெட்ட தேயிலை நம் முத்திரையோடு லண்டனுக்குப் போகும். போனால் பழி முதல் கையெழுத்துப் போட்ட பொடோபாபுவின் தலையில் விழும். வாய் திறந்தால், தெரிந்தும் பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்று என் வேலை போகும். என்னைப் போய் யார் இனிமேல் வைத்துக்கொள்வார்கள்? அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

விடிந்ததும் பொடோபாபுவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அவர் வாசல் சார்ப்பில் பலகை போட்டு உட்கார்ந்து, தொந்தியில் கடுகெண்ணெயைச் சப்புச் சப்பென்று அறைந்து தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத நேரம் இருக்க முடியாது. குடையை மடக்காமலே சொல்லி முடித்தேன்.

அவர் கை நின்றது. எங்களுக்குள் பேச்சு பாதி இங்கிலீஷிலும் பாதி ஹிந்தியிலும் நடக்கும், தமிழில் தருகிறேன்.

"நேத்து அடிச்சதா, பங்குனியிலேயே அடிச்சதா?"

"பங்குனியிலேயே, சார்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு…"

அவர் முகம் சிவந்துவிட்டது. "பிள்ளை பாபு," என்றார். நாக் பாபு என்று இல்லை, என் பெயரோடு சேர்ந்த பிள்ளையைச் சொல்லிக் கூப்பிட்டார். "எனக்கு வாசனை தெரியலை, நான் இல்லைன்னு எழுதினேன். உங்களுக்குத் தெரிஞ்சுது, நீங்களும் இல்லைன்னு எழுதினீங்க. நம்ம மூணு பேருல ஒரே ஒரு மூக்குதான் வேலை செஞ்சுது. அதுவும் பயந்துபோச்சு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன். அவர் என்னை நம்பி உடனே துரையிடம் ஓடவில்லை. நம்பாமல் விரட்டவும் இல்லை. தன் எண்ணெய் உடம்பைக் குனிந்து பார்த்தார். "இந்த உடம்பை வெச்சுக்கிட்டு நான் போய் மோந்து பார்த்து என்ன பிரயோஜனம்? இதை மொத்தமா எடுக்கணும். உங்க ஊர்ல எண்ணெயை எதால போக்குவீங்க?"

"சீயக்காய், சார்."

"இருக்கா?"

இருந்தது. பிரசவ காலத்துக்கு ஆகும் என்று சிவகாமியின் அம்மா ஊரிலிருந்து ஒரு டின் நிறைய அனுப்பியிருந்தாள். மழையில் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். கண்ணில் படாமல் தேய்க்கச் சொல்லுங்கள் என்று சிவகாமி கவனமாகச் சொல்லி அனுப்பினாள். நான் அவசரத்தில் அதைச் சொல்ல மறந்துபோனேன். பொடோபாபு குளியலறையிலிருந்து போட்ட சத்தத்தில் தெருவில் இரண்டு வீட்டு ஜன்னல் திறந்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை. ஒரு முறைக்கு இரண்டு முறை தேய்த்துக் குளித்தார். சமையலறையிலிருந்து வந்த சாதத்தையும் மீனையும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அவலும் வாழைப்பழமும் சாப்பிட்டார். சலவைக்காரன் வெளுத்துக் கொண்டுவந்த வேட்டியைக் கட்டிக்கொண்டார். ஆற்றங்கரைக்கு வந்து நம் துறைப் படிக்கட்டில், குடைக்கு அடியில், கண் சிவக்கச் சிவக்க இரண்டு மணி நேரம் காற்றைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். படகு வரும் நேரம் நெருங்கிக்கொண்டே இருந்தது. போகலாமா சார் என்று மூன்று தடவை கேட்டேன். "இருங்க. மூக்கு இன்னும் வரலை," என்றார்.

பதினொரு மணிக்கு எழுந்து தனியாக மாடி ஏறினார். நான் கீழே நின்றேன். சீக்கிரமே இறங்கி வந்துவிட்டார். படியில் கைப்பிடியைப் பிடித்தபடி, "ஆச்சே," என்றார். இருக்கிறது என்று அர்த்தம். அவர் குரலில் அப்படி ஒரு பலவீனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முப்பது வருஷம் தன் மூக்கை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

எனக்குப் பதற்றம். எல்லாப் பெட்டியையும் நிறுத்திவிடலாம் சார் என்றேன். அடுத்த நிமிஷமே, நிறுத்தினால் இங்கேயே கிடந்து மிச்சமும் கெட்டுவிடுமே, அனுப்பிவிடலாம் என்றேன். அவர் என்னை ஒரு தூணோடு சேர்த்து நிறுத்தினார். "ரெண்டையும் இப்ப பேசாதீங்க. எது கெட்டுது, எது கெடலைன்னு முதல்ல பார்ப்போம்."

இருவரும் துரையிடம் போனோம். பொடோபாபு முதலில் தன் தவறைச் சொன்னார். தனக்கு வாசனை தெரியவில்லை, தெரியாது என்பதும் தனக்குத் தெரியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் பங்கை அவர் சொல்லவில்லை. நானே சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். சொன்னேன். துரை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பொடோபாபுவின் கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார். அதையும் சொன்னோம். சிரிப்பை அடக்கத் துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தேயிலை ருசி பார்க்கும் துரை வந்தார். மாடியில் திறந்து கிடந்த பெட்டிகளிலிருந்து சில கோப்பைகள், மூடிக் கிடந்த பெட்டிகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து எடுத்ததில் சில கோப்பைகள். எது எது என்று அவருக்குச் சொல்லவில்லை. அவர் உறிஞ்சி உறிஞ்சித் துப்பிக்கொண்டே வந்தார். திறந்த பெட்டிக் கோப்பை ஒவ்வொன்றிலும் முகத்தைச் சுளித்துக் கையை ஆட்டினார். மூடின பெட்டிகள் நன்றாக இருந்தன. ஈயத் தகடு காப்பாற்றியிருந்தது. பொடோபாபு அதோடு விடவில்லை. படகுகள் துறையில் கட்டிக் கிடக்க, ஒவ்வொரு பெட்டியாகக் கீழே இறக்கி, பலகை பிளந்து தகடு கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கீழே திறந்ததை மறுபடி ஈயம் வைத்து அடைத்து, தார்ப்பாய் போட்டு மூடி அனுப்பினார். மாடியில் திறந்து கிடந்த ஏழு பெட்டிகள் மட்டும் நின்றன. மற்றவை ஐந்து மணிக்குள் கப்பலுக்குப் போய்விட்டன. தோட்டக்காரருக்கு எழுதின கடிதத்தில் கெட்டதற்குக் காரணம் எங்கள் கட்டடமும் எங்கள் கவனக்குறைவும்தான் என்று பொடோபாபு சொல்ல, நான்தான் எழுதினேன். அழகான கையெழுத்து அதற்காவது உதவியது.

என் தண்டனையைத் துரை பொடோபாபுவிடமே விட்டுவிட்டார். நான் வேலை போகும் என்று காத்திருந்தேன். பொடோபாபு ஏழில் ஆறு பெட்டியை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, ஒன்றை ஆபீசில் வைத்துக்கொண்டார். மறுநாள் நாலு மணிக்கு அதிலிருந்து டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். வங்காளிப் பாபுக்கள் எல்லோரும் ரசித்துக் குடித்து, இவ்வளவு நல்ல டீயைப் போய் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள். என் முன்னால் கோப்பையைப் பொடோபாபு தன் கையாலேயே வைத்தார்.

"இது உங்க கையெழுத்து, பிள்ளை பாபு. குடிங்க."

தினமும் நாலு மணிக்கு அதே வார்த்தை, அதே கோப்பை. முதல் வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அவரும் எதிரே உட்கார்ந்து தன் கோப்பையைக் குடிப்பார். நாள் போகப் போக அது கேலியும் இல்லை, தண்டனையும் இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம் என்றாகிவிட்டது. என் பெண் பிறந்த செய்தியை அந்தக் கோப்பையோடுதான் அவரிடம் சொன்னேன். 'நாக் பாபு' என்று கூப்பிடுவதை ஆபீஸ் எப்போது நிறுத்தியது என்று எனக்கு நினைவே இல்லை.

பெட்டி ஒரு வருஷத்துக்கு மேல் வந்தது. அடித்தூள் தீர்ந்த அன்று பொடோபாபு, "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு, சார்."

"வாசனை?"

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்துபோய் விதிகள் எழுதும் புத்தகத்தை எடுத்துவந்து, என்னையே எழுதச் சொன்னார். இனிமேல் புதுக் கிடங்குக்குள் முதலில் போகிறவர், இந்த ஊருக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவர் தனியாகப் போக வேண்டும். அவர் எழுதி முடிக்கிறவரை பெரியவர்கள் கீழே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் உங்களை ஒவ்வொருவராகக் கிடங்குக்குள் அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றார்களே, அது இந்த விதிதான். புதியவர்களை வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

அந்தக் கட்டடத்தில் பிறகு தேயிலை வைக்கவில்லை. கப்பல் கயிறு, தார்ப்பாய், நங்கூரச் சங்கிலி என்று வாசனைக்குக் கவலைப்படாத சாமான்களை வைத்தோம். ஆட்கள் பெருகினதும் மாடி உங்கள் ஆபீஸ் ஆயிற்று. பலகையை மாற்ற வேண்டும் என்று இரண்டு தடவை பேச்சு வந்தது. இந்த ஆற்றங்கரையில் கரையான் தொடாத மாடி அது ஒன்றுதான் என்று தச்சர் சொன்னார். விட்டுவிட்டோம். அந்தக் கட்டடத்தில் என் நாட்கள் சந்தோஷமாகவே போயின. குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

போன மாதம் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அன்றைக்குப் படி இறங்குமுன் நான் ஒரு நிமிஷம் நின்று, பொடோபாபு செய்ததுபோல் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துப் பார்த்தேன். மழை வாசனை வந்தது. டைப் மெஷின் மை வாசனை வந்தது. வேறு எதுவும் வரவில்லை. உங்களுக்கு வருகிறது. கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, அதை எங்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.